கடைமடைக்காரன் கேட்கும் கேள்வி

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் யாராவது ஒரு புதிய யோசனை சொன்னால், "வேண்டாம்" என்று யாரும் நேராகச் சொல்வதில்லை. "பேஷாச் செய்யலாம்" என்பார்கள். சொல்லிவிட்டு வெற்றிலைச் செல்லத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொள்வார்கள். வெற்றிலையின் காம்பைக் கிள்ளி, முதுகு நரம்பை உரித்து, சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் போட்டு, சாறு இறங்குகிற வரையில் ஒரு மௌனம். பிறகு, "அது சரி..." என்று ஓர் இழுப்பு. அந்த 'அது சரி'யில் யோசனையின் ஆயுசு முடிந்துவிடும்.

அலுவலகங்களில் வெற்றிலை குறைந்துவிட்டது. 'அது சரி' குறையவில்லை. அங்கே அதற்குப் பல வேஷங்கள் உண்டு. "பார்க்கலாம்" என்பது ஒரு வேஷம். "இதற்கு முன்மாதிரி கிடையாதே" என்பது இன்னொன்று. "பத்து வருஷத்துக்கு முன்னால் ஒருத்தர் இதையேதான் சொன்னார், பாவம்" என்பது எல்லாவற்றிலும் பொல்லாதது. அந்தப் 'பாவம்' என்ற ஒரே சொல்லில், அவர் பிற்பாடு எந்த ஊருக்கு மாற்றப்பட்டார் என்பதும் அடங்கியிருக்கும்.

யோசனை சொன்னவன் அப்போது என்ன செய்கிறான்? பெரும்பாலும் இரண்டில் ஒன்று. அங்கேயே குரலை உயர்த்துகிறான். அல்லது வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்து மனைவியிடம் குரலை உயர்த்துகிறான். இரண்டினாலும் யோசனைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் பெரியப்பா ஒரு வாய்க்கால் தகராறைத் தீர்த்த விதத்தில் பார்த்தேன்.

எங்கள் ஊர் வாய்க்காலில் தண்ணீர் குறைந்த ஒரு வருஷம். தலைமடையில் இருப்பவர்கள் வயல் நிரம்பி வழிய வைத்துக்கொள்வார்கள். கடைமடைக்கு வருவது ஈரம் மட்டும்தான். பெரியப்பா ஒரு யோசனை சொன்னார். எல்லாரும் ஒரே சமயத்தில் மடையைத் திறக்க வேண்டாம். நான்கு நாள் மேல் பாதிக்கு, நான்கு நாள் கீழ்ப் பாதிக்கு என்று முறை வைத்துக்கொள்வோம். இதனால் லாபம் கடைமடைக்காரருக்கு. ஆட்சேபணை தலைமடையிலிருந்து வரும் என்று எதிர்பார்த்து அதற்குப் பதில்களைத் தயார் செய்துகொண்டு போனார். அங்கிருந்து முணுமுணுப்போடு சரி. எழுந்து நின்று கத்தியவர் கடைமடையில் இரண்டு மா நிலம் வைத்திருந்த ஒரு கிழவர். "இந்த முறையும் வேணாம், கிறையும் வேணாம். இருக்கிறபடி இருக்கட்டும்" என்றார்.

கூட்டம் சிரித்தது. "உனக்குத்தானய்யா நல்லது சொல்றாங்க" என்றார் ஒருவர். கிழவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பெரியப்பா அன்று இரவே டார்ச்சை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அவர் போய் வாதாடவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, "ஏன் அண்ணே?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். கிழவர் வெகு நேரம் கழித்துச் சொன்னார்: "தம்பி, முறைன்னு வச்சா முதல் நாலு நாள் மேலே ஓடும். அஞ்சாம் நாள் ஆத்திலே தண்ணி நின்னுபோச்சுன்னா? முறை முடிஞ்சுபோச்சும்பீங்க. இப்ப எனக்குக் கசிவாவது வருது. அதையும் முறைப்படி நிறுத்திடுவீங்க. ராத்திரி கரையை எவனாவது வெட்டிவிட்டா, காவல் இருக்க என் வீட்டிலே ஆம்பளை யார் இருக்கா?"

மறுநாள் பெரியப்பா யோசனையில் ஒரே ஒரு மாற்றம் செய்தார். முதல் முறை கடைமடைக்கு. மேல்மடைக்காரர்கள் வீட்டுக்கு ஓர் ஆளாக இரவில் கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கிழவர் கூட்டத்தில் ஒன்றும் பேசவில்லை. துண்டை மட்டும் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் அதற்குச் சம்மதம் என்று பொருள்.

பெரியப்பாவின் யோசனை நல்ல யோசனைதான். கிழவரின் ஆட்சேபணையும் நல்ல ஆட்சேபணைதான். ஆனால் அவர் கூட்டத்தில் சொன்னது ஆட்சேபணையே அல்ல. அது வெறும் கதவு. உண்மையான ஆட்சேபணை கதவுக்குப் பின்னால், அவருடைய இரண்டு மா நிலத்தில் இருந்தது. கதவோடு சண்டை போட்டிருந்தால் கதவுதான் உடைந்திருக்கும்.

எழுத்தை நம்பிச் சாப்பிடலாம் என்று துணிவதற்கு முன்னால் சில வருஷங்கள் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். அங்கே என் பக்கத்து மேஜைக்காரர் கெட்டிக்காரர். ஒரே வரவை மூன்று புத்தகங்களில் மூன்று தடவை எழுதிக்கொண்டிருந்தோம். ஒரே பேரேடாக வைத்தால் போதும் என்று அவர் நான்கு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தார். தலைமைக் குமாஸ்தா எட்டு மாதம் அதைத் தன் இழுப்பறையில் அடைகாத்தார். நண்பர் எத்தனை மணி மிச்சமாகும், எத்தனை ரீம் காகிதம் மிச்சமாகும் என்று கணக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தார். கணக்குக் கூடக் கூடத் தலைமைக் குமாஸ்தாவின் முகம் சுருங்கியது.

கடைசியில் விஷயத்தை அவிழ்த்தவர் எங்களுக்குத் தேநீர் வாங்கி வரும் பியூன். "பழைய புஸ்தகத்திலே ஒரு பாக்கி உதைக்குதுங்க. அவருக்கு முன்னால இருந்தவர் காலத்து பாக்கி. புதுசு போட்டா முதல் பக்கத்திலே இவருல்ல கையெழுத்துப் போடணும்?" என்றார். நண்பர் அன்று மாலை ஐந்தாவது பக்கம் ஒன்று எழுதினார். ஆரம்ப இருப்பைப் பழைய புத்தகங்களில் கண்டபடி, சரிபார்ப்புக்கு உட்பட்டதாக எடுத்துக்கொள்ளலாம் என்று இரண்டு வரி. மறுநாளே உத்தரவாகிவிட்டது. எட்டு மாதம் அந்த மனிதரிடம் காகிதத்தையும் நேரத்தையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் தம் ஓய்வூதியத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

இந்த இரண்டும் சின்னச் சங்கதிகள். இதே பாடத்தைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் திருச்சிக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டர் போக வேண்டும். அங்கே முக்கொம்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு, புளியோதரை கட்டிக்கொண்டு போகிற இடம் என்றுதான் நம்மில் பலருக்கும் தெரியும். அங்கேதான் காவேரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம். தெற்கே போவது காவேரி என்ற பெயரையே வைத்துக்கொள்கிறது. இரண்டும் ஸ்ரீரங்கத்தைத் தீவாக்கிவிட்டு, கல்லணையருகே மறுபடியும் ஒன்றையொன்று தொடப் பார்க்கின்றன. அங்கே காவேரித் தண்ணீர் கொள்ளிடத்தில் விழுந்து கடலுக்குப் போய்விடாமல் தடுப்பதுதான் கரிகாலன் பெயரால் நிற்கும் அந்தப் பழைய அணையின் வேலை.

ஆனால் முக்கொம்பில் ஒரு சங்கடம் இருந்தது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு. கடலுக்கு அதன் பாதை நேர். காவேரியோ மேட்டில், வளைந்து வளைந்து போகிறவள். தண்ணீருக்கு யாரும் புத்தி சொல்ல முடியாது. அது தாழ்ந்த இடத்துக்குத்தான் போகும். ஆண்டுக்கு ஆண்டு கொள்ளிடம் ஆழமாயிற்று. காவேரியின் வாயில் மணல் ஏறிற்று. மணலை வாரி வாரிக் குடிகளின் முதுகு ஒடிந்தது. அடுத்த வெள்ளத்தில் மணல் மறுபடி வந்தது. 1799-இல் தஞ்சாவூர் நிர்வாகம் கும்பினியார் கைக்குப் போயிற்று. 1804-இல் கால்டுவெல் என்ற கேப்டன் கல்லணையின் மேல் கல் வைத்து உயர்த்திப் பார்த்தார். வியாதி இருந்தது முக்கொம்பில். மருந்து போட்டது கல்லணையில். மணல் நிற்கவில்லை.

இந்தச் சமயத்தில் வந்து சேர்ந்தவர் ஆர்தர் காட்டன். 1803-இல் பிறந்து, 1821-இல் சென்னைக்கு வந்த கும்பினி என்ஜினீயர். காவேரியைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவரிடம் வந்தபோது அவருக்கு வயது முப்பதைத் தொடவில்லை. அவருடைய யோசனை எளிது. முக்கொம்பில் கொள்ளிடத்தின் வாயில் குறுக்கே ஓர் அணை போட்டால், தண்ணீர் காவேரிப் பக்கம் திரும்பும். திரும்பிய தண்ணீரே மணலை அரித்துக்கொண்டு போகும்.

யோசனை எளிதுதான். ஆனால் எந்த என்ஜினீயருக்கும் முதலில் தோன்றும் கேள்வி ஒன்று உண்டு. தோண்டத் தோண்ட மணல். பாறை எங்கே? பாறை இல்லாமல் அஸ்திவாரம் எங்கே? இந்தக் கேள்வியைக் காட்டன் கணிதத்தால் மட்டும் எதிர்கொள்ளவில்லை. கிழக்கே போய்க் கல்லணையைப் பார்த்தார். அதுவும் பாறையில் நிற்கவில்லை. ஆற்று மணலில் பெரிய கற்களைப் போட்டுப் போட்டு, அவை அமிழ்ந்து அமிழ்ந்து, இனி அமிழாது என்ற நிலையில் நிற்பது அது. பெயர் தெரியாத யாரோ கட்டி, பல நூற்றாண்டு வெள்ளங்களைப் பார்த்துவிட்டது. ஆழம் காண முடியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை இந்த நாட்டுப் பழைய கட்டுநர்களிடமிருந்தே நாங்கள் கற்றுக்கொண்டோம் என்று காட்டன் பிற்காலத்தில் தாமே எழுதி வைத்தார்.

சந்தேகப்படுகிறவனிடம் "என்னை நம்பு" என்று சொல்வது ஒரு வழி. "அதோ, நிற்கிறது பார்" என்று கைகாட்டுவது இன்னொரு வழி. இரண்டாவதில் யோசனைக்காரனின் பெருமை சிறிது குறைகிறது. புதிதாக நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, உங்கள் தாத்தா செய்ததுதான் என்று ஒப்புக்கொள்வதுபோல ஆகிவிடுகிறது. ஆனால் அணை எழும்பிவிடுகிறது. முன்மாதிரி கிடையாதே என்று சொல்கிறவருக்கு, முன்மாதிரியைத் தேடி எடுத்துக் காட்டுவதை விட மரியாதையான பதில் இல்லை.

இரண்டாவது கேள்வி கடைமடைக்காரனுடையது. கொள்ளிடத்தின் வாயை அடைத்தால் காவேரிக்கு லாபம். கொள்ளிடத்தை நம்பிக் கிழக்கே இருப்பவனுக்கு? சிதம்பரம் பக்கத்து வயல்களும், வீராணம் ஏரியும், தஞ்சை ஜில்லாவின் வடகிழக்கு மூலையும் அந்தத் தண்ணீரை நம்பி இருந்தவை. மேலே ஒரு சுவர் எழும்பினால் கீழே அவன் பானை காலி. இதற்குப் பதில் முக்கொம்பில் இல்லை. சுமார் நூறு கிலோமீட்டர் கிழக்கே, அணைக்கரையில் இருக்கிறது. மேலணை கட்டிய அதே சமயத்தில், அதே 1836-ஐ ஒட்டி, கொள்ளிடத்தின் குறுக்கே கீழணையும் எழும்பிற்று. கொள்ளிடத்தில் இறங்கி வரும் தண்ணீரையெல்லாம் அங்கே நிறுத்தி, கால்வாய்களில் திருப்பினார்கள். இரண்டும் தனித்தனி வேலைகள் அல்ல. ஒரே யோசனையின் தலையும் காலும்.

கும்பினியாருக்கும் ஒரு வயல் இருந்தது. அந்த வயலின் பெயர் கஜானா. கும்பினியார் காவேரியை ஒருபோதும் தாயாகப் பார்த்தவர்கள் அல்லர், வரியாகப் பார்த்தவர்கள். காட்டனும் அவர்களிடம் பேசும்போது ஆற்றைப் பற்றி மட்டும் பேசவில்லை. இவ்வளவு செலவு, இவ்வளவு நிலம் நனையும், இவ்வளவு தீர்வை கூடும் என்று அவர்கள் பாஷையிலேயே பேசினார். கேட்பவனுடைய வயலில் போய் நின்று பேசும் சாமர்த்தியம் அது.

இதோடு கதை முடிந்திருந்தால் இது ஒரு நீதிக் கதையாகப் பாடப்புத்தகத்தில் போயிருக்கும். மனிதர்கள் ஒத்துக்கொண்ட பிறகு ஆறு தன் ஆட்சேபணையைத் தெரிவித்தது. அணை வேலை செய்தது. அளவுக்கு மிஞ்சியே வேலை செய்தது. காவேரியில் தண்ணீர் பாய்ந்த வேகத்தில் மணல் போனது மட்டுமல்ல, படுகையே ஆழமாகிக் கரைகள் இடியத் தொடங்கின. முன்பு தண்ணீர் போதவில்லை என்று அழுதவர்கள் இப்போது தண்ணீர் ஊரை அடித்துக்கொண்டு போய்விடுமோ என்று பயந்தார்கள்.

அப்போது இரண்டு கட்சி இருந்திருக்கக்கூடிய இடம் அது. "நான் அப்போதே சொன்னேன்" என்பது ஒன்று. "அணையில் கை வைக்காதே" என்பது மற்றொன்று. என்ஜினீயர்கள் இரண்டையும் விட்டு ஆற்றுக்குப் பதில் சொன்னார்கள். 1843-இல் மேலணையின் நடுப் பகுதியைத் தணித்தார்கள். கொஞ்சம் வெள்ளம் கொள்ளிடத்துக்கே போகட்டும் என்று விட்டார்கள். 1845-இல் காவேரியின் வாயில், படுகை மேலும் ஆழமாகாதபடி தரைமட்டத்தில் ஒரு கட்டுப் போட்டார்கள். ஆறு சமாதானமாயிற்று. பின்னால் வந்தவர்கள் அணையின் மேல் இரும்புக் கதவுகள் வைத்தார்கள். 2018 ஆகஸ்டு 22-ஆம் தேதி இரவு, வெள்ளம் ஓடும்போது, அந்தக் கதவுகளில் ஒன்பது அடித்துக்கொண்டு போயின. அப்போது அணைக்கு வயது 182. பக்கத்திலேயே புதிய கதவணை கட்டப்பட்டது. ஒரு யோசனை ஒத்துக்கொள்ளப்பட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் ஒரு தடவை முக்கொம்புப் பாலத்தில் நின்று பார்த்துவிட்டு வரலாம்.

என் தொழிலில் அணை கிடையாது. ஆனால் ஆட்சேபணை உண்டு. பத்திரிகை ஆசிரியர்கள் என்று ஓர் இனம் இருக்கிறதே!

சில வருஷங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் என் தொடர்கதை ஒன்று வந்துகொண்டிருந்தது. கும்பகோணத்துக் குடும்பம் ஒன்றின் கதை. தகப்பனார் காலமான பிறகு, கணவனை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்துவிட்ட தமக்கை, வீட்டில் தனக்குள்ள பாகத்தைத் தம்பிக்கு விட்டுக் கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறாள். சட்டம் அவளுக்குப் பாகம் கொடுத்துவிட்டது. அவள் வேண்டாம் என்கிறாள். ஆசிரியர் அந்த அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பினார். ஓரத்தில் சிவப்பு மசியில், 'இது நடக்காது. கையெழுத்துப் போட மாட்டாள். வாசகர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்' என்று எழுதியிருந்தது.

என் கதாபாத்திரம் என்ன செய்வாள் என்பது எனக்குத் தெரியாதா? கோபம் வந்தது. அதைத் தபாலில் போட்டுவிடாமல் ரயிலேறிப் போனேன். பெரியப்பாவின் டார்ச் ஞாபகத்துக்கு வந்ததுதான் காரணம் என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் தபாலுக்கு நாள் பிடிக்கும், அத்தியாயம் வெள்ளிக்கிழமைக்குள் அச்சேற வேண்டும்.

"எந்த வாசகர் ஒத்துக்கொள்ள மாட்டார் ஸார்?" என்று கேட்டேன்.

"பொதுவாகச் சொன்னேன்."

"பொதுவாக ஒருத்தரைச் சொல்லுங்களேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அச்சுக்கூடத்தின் சத்தம் கீழேயிருந்து வந்துகொண்டிருந்தது. வெகு நேரம் துடைத்தார்.

"எங்க அக்கா போட்டாள்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"நான்தான் பத்திரத்தை நீட்டினேன். ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்கலே. பேனாவை வாங்கி உடனே போட்டுட்டாள். உங்க கதையிலேயும் அப்படியே உடனே போடறா. படிக்கிறவனுக்கு அவள் அசடுன்னு தோணும். அவள் அசடில்லே ஸார்."

நடக்காது என்று அவர் எழுதினது, நடந்துவிட்டதால்தான். அவர் மறுத்தது என் கதையின் முடிவை அல்ல. முப்பது வருஷமாகத் தம் தமக்கையை யாரும் அசடு என்று நினைத்துவிடக் கூடாது என்று காத்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் அவர். நான் என் கதைக்காகப் போராடிக்கொண்டிருந்தேன். அவர் அதைவிடப் பெரிய ஒன்றுக்காக.

கையெழுத்து அப்படியே இருந்தது. அதற்கு முன்னால் ஒரு பக்கம் சேர்த்தேன். பத்திரம் வருவதற்கு முதல் நாள் இரவு, எல்லாரும் தூங்கிய பிறகு அவள் அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வருகிறாள். முற்றத்துத் தூண்களை எண்ணுகிறாள். நெல் குதிரைத் தட்டிப் பார்க்கிறாள். தான் பிறந்த காமரா உள்ளின் கதவைச் சாத்தித் திறந்து சாத்துகிறாள். என்ன விட்டுக் கொடுக்கிறோம் என்பது அவளுக்கு ஓட்டுக்கு ஓடு தெரியும். மறுநாள் ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்துப் போடுகிறாள். ஆசிரியர் அந்த அத்தியாயத்தைச் சிவப்பு மசி படாமல் அச்சுக்கு அனுப்பினார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்தப் பக்கத்தைப் பற்றித்தான்.

எல்லா ஆட்சேபணைக்கும் பின்னால் ஒரு வயல் உண்டு என்று நான் சாதிக்க வரவில்லை. சிலவற்றுக்குப் பின்னால் வெறும் திண்ணைதான் இருக்கிறது. பொழுது போகாமல் மறுக்கிறவர்கள் உண்டு. சொன்னவன் தன்னைவிடச் சின்னவன் என்பதற்காக மறுக்கிறவர்கள் உண்டு. அவர்களிடம் போய் "ஏன் அண்ணே?" என்று கேட்டால் இன்னும் இரண்டு மணி நேரம் பேசுவார்கள். அங்கே பொறுமையைத் தவிர வேறு மருந்து இல்லை. ஆனால் திண்ணையா வயலா என்பது போய்ப் பார்த்தால்தான் தெரியும். போகாமலே எல்லாரையும் திண்ணைக்காரர்கள் என்று முடிவு கட்டிவிடுவது நமக்குச் சுலபமாக இருக்கிறது. அதில் நம் அறிவைப் பற்றிய ஒரு திருப்தியும் கிடைக்கிறது.

காட்டனுக்கே பின்னாளில் அந்த நிலை வந்தது. கோதாவரியில் தவளேஸ்வரம் அணையை 1847-இல் தொடங்கி 1852-இல் முடித்தவர், அதற்குப் பிறகு பெரிய பெரிய யோசனைகள் சொன்னார். இந்தியா முழுவதும் கால்வாய் வெட்ட வேண்டும். பயிருக்குத் தண்ணீரும் அதிலேயே போக வேண்டும், படகும் அதிலேயே போக வேண்டும். ரயிலுக்குக் கொட்டும் பணத்தைத் தண்ணீருக்குக் கொட்ட வேண்டும். தாது வருஷப் பஞ்சத்தில் தென்னாட்டில் லட்சக்கணக்கில் ஜனங்கள் மடிந்தபோது, தாம் சொன்னதைக் கேட்டிருந்தால் இது நேர்ந்திராது என்றார். 1878-இல் லண்டனில் பார்லிமெண்டுக் கமிட்டி ஒன்று அவரைக் கூப்பிட்டுக் குறுக்கு விசாரணை செய்தது. அப்போது அவருக்கு வயது 75. கமிட்டி அவர் கட்சியை ஏற்கவில்லை.

எதிர்த்தவர்கள் கையில் ஒரு கசப்பான அத்தாட்சி இருந்தது. காட்டனுடைய கருத்தை நம்பி ஒரு கம்பெனி, துங்கபத்திரையிலிருந்து கர்நூல் வழியாகக் கடப்பைக்குக் கால்வாய் வெட்டியது. செலவு மதிப்பீட்டைத் தாண்டி எங்கோ போயிற்று. தண்ணீர் வந்தது, வாங்க ஆளில்லை. அது கரிசல் மண். அங்கே குடியானவன் மழையை நம்பிச் சோளம் போட்டுப் பிழைக்கிறவன். மழை பெய்கிற வருஷத்தில் பணம் கொடுத்துத் தண்ணீர் வாங்க அவனுக்கு என்ன பைத்தியமா? கம்பெனி நொடித்து, 1882-இல் சர்க்கார் அந்தக் கால்வாயை வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

தஞ்சாவூரில் கடைமடை வரையில் கணக்கில் எடுத்த யோசனை, கர்நூலில் அந்தக் கரிசல்காரனின் வீட்டுத் திண்ணைக்குப் போகவில்லை. அவன் கூட்டத்தில் எழுந்து கத்தவில்லை. மனுப் போடவில்லை. மடையைத் திறக்காமல் சும்மா இருந்தான். இதைவிடப் பெரிய ஆட்சேபணை உலகத்தில் கிடையாது. வாய் திறந்து மறுக்கிறவன் ஒரு வகையில் நமக்கு உபகாரி. அவனுடைய வயல் எங்கே இருக்கிறது என்று தேடிப் போகவாவது ஒரு தடம் விட்டுப் போகிறான். எனக்கு இப்போதெல்லாம் பயம், நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவர்களிடம்தான்.

கமிட்டி தள்ளிவிட்ட பிறகு காட்டன் என்ன செய்தார்? எழுதிக்கொண்டே இருந்தார். டார்கிங் என்ற சிற்றூரில் தம் வீட்டுத் தோட்டத்தில் மண்ணை ஆழமாகக் கொத்திக் கோதுமை போட்டு, ஒரு சின்னத் துண்டு நிலத்தில் எவ்வளவு விளைய வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். 1899-இல் காலமானார். தோற்ற பிறகும் கையில் மண் ஒட்டிக்கொண்டிருந்த மனிதர். முழு நாட்டுக்கும் யோசனை சொன்னவர், கடைசியில் தம் தோட்டத்து மண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. பஞ்சத்தை ஆராய்ந்த கமிஷன் 1880-இல் பாசனத்துக்கும் முக்கியத்துவம் கொடுத்தே எழுதிற்று. அவர் கேட்டது முழுவதும் இல்லை, ஒரு பங்கு. பெரும்பாலான நல்ல யோசனைகளுக்குக் கிடைப்பதும் அந்த ஒரு பங்குதான்.

கும்பகோணத்திலிருந்து வடக்கே போகிறவர்கள் அணைக்கரையில் வண்டி மெதுவாகும்போது வெளியே எட்டிப் பார்க்கலாம். அங்கே தேங்கும் தண்ணீர் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகிறது. ஏரி சோழர் காலத்து ஏரி. 2004 முதல் அங்கிருந்து குழாய் வழியாகச் சென்னைக்குக் குடிதண்ணீர் போகிறது. மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் அந்தத் தண்ணீரில் காப்பி போட்டுக் குடித்துவிட்டு அலுவலகத்துக்குக் கிளம்புகிறவர்களில் பல பேர் இன்று ஏதாவது ஒரு யோசனை சொல்லப் போகிறார்கள். எதிர்மேஜையில் யாராவது ஒருவர், "அது சரி..." என்று இழுக்கத்தான் போகிறார். அவர்கள் குடித்துவிட்டுப் போகிற காப்பியில் இருப்பது, 'மேலே அடைத்துவிட்டால் கீழே இருக்கிறவனுக்கு என்ன வழி?' என்ற கேள்விக்கு 1836-இல் கட்டிவைத்த பதில்.